அளக்காததைக் கணிக்கும் கணிதம்: வேக எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறக்கூடும்?

‘பாதி நேரத்தில் எம்.ஆர்.ஐ.’, ‘செயற்கை நுண்ணறிவால் தெளிவான படம்’ என்ற அறிவிப்புகளை ஸ்கேன் மையங்களின் வாசல்களில் இப்போது காண முடிகிறது. இவற்றைப் படிப்பவர்களுக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழுகிறது. முன்பு அரை மணி நேரம் அளந்து எடுத்த படத்தை இப்போது பத்து நிமிடத்தில் எடுக்க முடிகிறது என்றால், மீதி இருபது நிமிட அளவீடு எங்கே போனது? அது முதலிலிருந்தே தேவையற்றதா? அல்லது அந்த இடத்தைக் கணினி தானாக வரைந்து நிரப்புகிறதா?

இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. கடந்த இருபது ஆண்டுகளில் சமிக்ஞைச் செயலாக்கம் என்ற துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அடிப்படையிலிருந்து வந்தால் அது யாருக்கும் புரியக்கூடியதே.

## அளவீட்டின் பழைய விதி

சமிக்ஞை என்பது காலத்திலோ இடத்திலோ மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவு. மைக்கின் முன் மாறும் காற்றழுத்தம், புகைப்படத்தில் இடத்துக்கு இடம் மாறும் வெளிச்சம், இதயத் துடிப்பின்போது தோலில் மாறும் மின்னழுத்தம் ஆகிய எல்லாமே சமிக்ஞைகள். கணினியால் தொடர்ச்சியான மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, எண்களாகப் பதிகிறோம். இதுவே மாதிரியெடுத்தல்.

எவ்வளவு நெருக்கமாக அளந்தால் போதும் என்பதற்கு ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதிய தந்தித் தொடர்பு ஆய்விலிருந்து விடை உருவாகத் தொடங்கியது. ரஷ்யாவில் கோட்டெல்னிகோவ் 1933-இலும், அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1949-இலும் அதை முழுமையான தேற்றமாக நிறுவினார்கள். சமிக்ஞையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்தால், இடைப்பட்ட எதையும் இழக்காமல் மூலத்தை மீட்டுவிடலாம் என்பதே அந்தத் தேற்றம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால்தான் இசைக் குறுந்தகடு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. தொலைபேசிக் குரலுக்கு விநாடிக்கு 8,000 முறை போதும் என்று முடிவானதும் இதே கணக்கில்தான்.

விதியை மீறிக் குறைவாக அளந்தால் தகவல் குறைவதோடு நிற்காது, பொய்த் தகவலும் சேரும். திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் போலத் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். கேமரா விநாடிக்கு 24 முறை மட்டுமே பார்ப்பதால், வேகமான ஒரு சுழற்சி மெதுவான வேறொரு சுழற்சியின் வேடத்தில் வந்துவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் இந்த விதியை மீறாமல் கருவிகளைக் கட்டியதற்குக் காரணம் இந்த வேடம்தான்.

## அளந்ததைத் தூக்கி எறிவது ஏன்?

ஒரு நிமிட ஸ்டீரியோ இசையைக் குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்தால், 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்கள், இரண்டு தடங்கள் என்ற கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பைட்கள் ஆகும். அதே இசையை 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக மாற்றினால் 9 லட்சத்து 60 ஆயிரம் பைட்களில் அடங்கிவிடுகிறது. பதினொன்றில் பத்துப் பங்கு போய்விட்டது. கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த இழப்பை உணர்வதே இல்லை.

புகைப்படத்திலும் இதுவே நடக்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம்தான் ஜேபெக் படங்களின் அடித்தளம். படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் 64 வெளிச்ச எண்களையும் 64 அலை எண்களாக மாற்றுகிறார்கள். வானம், சுவர், கன்னம் போன்ற பகுதிகளில் அந்த 64-இல் நான்கைந்து எண்களே பெரியவையாக இருக்கும். மற்றவை சுழியாகவோ சுழிக்கு மிக அருகிலோ இருப்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

இப்படிச் சரியான மொழியில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலான எண்கள் சுழியாகிவிடும் சமிக்ஞையை ‘ஐதான சமிக்ஞை’ என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஐதான என்றால் நெருக்கமின்றி, ஆங்காங்கே மட்டும் இருக்கிற என்று பொருள். இயற்கையில் கிடைக்கும் படங்களும் ஒலிகளும் ஏதோ ஒரு மொழியில் ஐதானவையாகவே இருக்கின்றன.

பத்து லட்சம் எண்களைச் சிரமப்பட்டு அளந்து, பிறகு ஒன்பது லட்சத்தைத் தூக்கி எறிகிறோம் என்றால், அந்த ஒரு லட்சத்தை மட்டும் முதலிலேயே அளந்திருக்கக் கூடாதா? எந்த ஒரு லட்சம் முக்கியமானது என்பது அளந்து முடிக்கும்வரை தெரியாதே என்பதுதான் வெகுகாலம் சொல்லப்பட்ட பதில். நியாயமான பதில்தான். ஆனாலும் அது தவறானது.

## 384 மாதிரிகள், 48 குப்பிகள்

இந்தப் பதில் ஏன் தவறு என்பதை விளக்க, எம்.ஆர்.ஐ.க்கு முன்பாகக் கோவிட் காலத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றைப் பார்ப்பது நல்லது.

ஆர்டி-பிசிஆர் சோதனைப் பொருட்கள் போதாமல் இருந்த 2020 ஏப்ரலில், தொற்று 2 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இடங்களில் ஐந்து பேர் வரையிலான மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதி தந்தது. கலவையில் தொற்று இல்லையென்றால் ஐந்து பேருக்கும் இல்லை. இருந்தால் மட்டும் ஐவரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், ராபர்ட் டார்ஃப்மேன் முன்வைத்த பழைய யோசனைதான் இது. ஆனால் இரண்டாம் சுற்றுச் சோதனை தேவைப்படுவது இதன் குறை.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அதே ஆண்டில் இன்னொரு வழியைச் செய்து காட்டினார்கள். 384 பேரின் மாதிரிகளை 48 கலவைக் குப்பிகளில் பகிர்ந்தார்கள். ஒவ்வொருவரின் மாதிரியும் ஆறு குப்பிகளுக்குப் போனது. ஒவ்வொரு குப்பியிலும் 48 பேரின் மாதிரிகள் கலந்திருந்தன. எவர் எந்த ஆறு குப்பிகளில் என்ற பட்டியல் முன்கூட்டியே கவனமாக வகுக்கப்பட்டிருந்தது. 384 பேரில் தொற்றுள்ளவர்கள் ஐந்து பேருக்குள் இருக்கும்வரை, அந்த 48 விடைகளை மட்டும் வைத்தே அவர்கள் யார் என்று ஒரே சுற்றில் கண்டுபிடிக்க முடிந்தது. மும்பை ஐஐடியைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ‘டேப்ஸ்ட்ரி’ என்ற பெயரில் இதே வகை முறையை உருவாக்கினார்கள்.

இங்கே தெரியாத எண்கள் 384, கிடைத்த அளவீடுகள் 48. பள்ளிக் கணிதத்தின்படி இதற்குத் தீர்வு காண முடியாது, ஏனெனில் சமன்பாடுகளைவிட மாறிகள் அதிகம். தீர்வைச் சாத்தியமாக்கியவை இரண்டு. முதலாவது, பெரும்பாலானோருக்குத் தொற்று இல்லை, அதாவது விடை ஐதானது என்ற முன்னறிவு. இரண்டாவது, ஒவ்வோர் அளவீடும் பலரைப் பற்றிய தகவலைக் கலந்து தருவது. யாருக்குத் தொற்று இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டிய அவசியமே எழவில்லை. ‘எது முக்கியம் என்று தெரியாதே’ என்ற பழைய பதில் இந்த இடத்தில் தோற்கிறது.

இதில் ஓர் எல்லையும் இருக்கிறது. அந்த 384 பேரில் நாற்பது பேருக்குத் தொற்று இருந்திருந்தால் விடை ஐதாக இருக்காது. முறையும் தவறிவிடும். முன்னறிவு பொய்த்தால் முடிவும் பொய்க்கும்.

## ஒரு சமன்பாடு, இரண்டு மாறிகள்

கணினி இந்த ஐதான விடையைத் தேடும் விதத்தை மிகச் சிறிய கணக்கில் பார்க்கலாம். x, y என்று தெரியாத இரண்டு எண்கள் உள்ளன. நமக்குக் கிடைத்த ஒரே அளவீடு x + 2y = 4. இதற்கு எண்ணற்ற விடைகள் உண்டு. எதைத் தேர்வது?

1. வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் விடையைத் தேடுவது இருநூறு ஆண்டு மரபு. அப்படித் தேடினால் x = 0.8, y = 1.6 என்று வரும். இரண்டு எண்களுமே சுழியல்ல. வர்க்க முறை எப்போதும் சுமையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும். ஐதான விடை அதற்கு அகப்படாது.

2. சுழியல்லாத எண்களின் எண்ணிக்கையை நேரடியாகக் குறைக்கலாம். (4, 0), (0, 2) என்ற இரண்டு விடைகள் அப்போது கிடைக்கும். ஆனால் மாறிகள் லட்சக்கணக்கில் இருக்கும்போது எந்தெந்த இடங்கள் சுழி என்ற எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது.

3. எண்களின் மட்டு மதிப்புகளை, அதாவது கூட்டல்-கழித்தல் குறியை நீக்கிய அளவுகளை, கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கலாம். (4, 0)-க்கு 4 வரும். (0.8, 1.6)-க்கு 2.4 வரும். (0, 2)-க்கு 2 வரும். ஆகவே (0, 2) வெல்கிறது. ஐதான விடை கிடைத்துவிட்டது. இந்த வழியில் கணக்கு எவ்வளவு பெரிதானாலும் நியாயமான நேரத்தில் முடியும்.

மூன்றாவது வழியே இத்துறையின் உயிர்நாடி. நில அதிர்வு ஆய்வாளர்கள் 1970-களிலேயே பூமியின் அடுக்குகளைக் கண்டறிய இதைக் கையாண்டார்கள். நன்றாக வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் வேலை செய்கிறது என்பதற்கான முழு விளக்கம்தான் அப்போது இல்லை.

அதே கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் கட்டுரையின் பிற்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. உண்மை (4, 0) ஆக இருந்திருந்தால்? அதுவும் ஐதான விடைதான். அளவீட்டோடும் பொருந்துகிறது. ஆனாலும் நம் முறை (0, 2) என்று தவறாகச் சொல்லியிருக்கும். x-ஐ 2 கூட்டி y-ஐ 1 குறைத்தால் x + 2y மாறுவதே இல்லை. அளவீட்டின் கண்ணுக்கு அந்தத் திசை தெரியாது. அந்தக் குருட்டுத் திசையில் எந்த விடையைத் தேர்வது என்பதை முன்னறிவு மட்டுமே தீர்மானிக்கிறது.

## 2004 முதல் 2006 வரை

இந்தக் குருட்டுத் திசையின் ஆபத்து எப்போது நீங்கும் என்பதற்கு இம்மானுவேல் கண்டேஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் ஆகியோரும், தனியாக டேவிட் டோனோஹோவும் நிரூபணம் தந்தார்கள். 2004-இல் தொடங்கிய இந்த வேலை 2006-இல் ஆய்விதழ்களில் வெளிவந்தது. அளவீடுகள் போதிய அளவு கலந்தும், ஒழுங்கற்றும் இருந்து, அவற்றின் எண்ணிக்கை சுழியல்லாத எண்களின் எண்ணிக்கையைப் போல ஒரு மடக்கைக் காரணி (மொத்த எண்ணிக்கை பெருகினாலும் மிக மெதுவாகவே வளரும் பெருக்கல் எண்) அளவுக்கு மட்டும் கூடுதலாக இருந்தால், மட்டுக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் வழி ஏறத்தாழ எப்போதும் சரியான விடையையே தரும் என்பது அவர்கள் கண்டது. டோனோஹோ தம் கட்டுரைக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘சுருக்க உணர்தல்’ எனலாம். அளந்த பிறகு சுருக்குவதை விட்டு, அளக்கும்போதே சுருக்குவது என்று அதற்குப் பொருள். கணிதப் பயன்பாட்டுக்காக வழங்கப்படும் காஸ் பரிசு 2018-இல் டோனோஹோவுக்கு ரியோ டி ஜெனீரோவில் அளிக்கப்பட்டது.

அந்த நிரூபணத்துக்கு வித்திட்ட சோதனை எளிமையானது. மூளையின் குறுக்குவெட்டைப் போல நீள்வட்டங்களால் வரைந்த ஒரு மாதிரிப் படத்தின் அலைத் தகவல்களை, மையத்திலிருந்து விரியும் 22 கோடுகளின் மீது மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான முறையில் படம் கோடுகளும் கறைகளுமாக வந்தது. புதிய முறையில், மூலப்படம் சிறு பிசகும் இன்றி அப்படியே திரும்பி வந்தது.

நைக்விஸ்ட் விதி பொய்யாகிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். பொய்யாகவில்லை. சமிக்ஞையைப் பற்றி அதன் உச்ச அதிர்வெண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாதபோது அந்த விதி இன்றும் உண்மை. கூடுதலாக ஒன்று தெரிந்திருந்தால் குறைவாக அளந்தால் போதும் என்பதே புதிய முடிவு.

## எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள்

உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா எந்திரத்தில் அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். நாம் கேட்கும் எஃப்.எம். வானொலியின் அலைவரிசைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. ரேடியோ அலையால் தட்டிவிட்டால் அணுக்கருக்கள் திரும்ப ஒலிக்கும். அந்த ஒலிப்பை உடலருகே வைத்த கம்பிச் சுருள்கள் வாங்கிப் பதிகின்றன. இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைச் சிறிது மாற்றிப் படமாக்கும் வழியை பால் லாட்டர்பர் 1973-இல் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. எந்திரம் பிக்சல்களை அளப்பதே இல்லை. படத்தில் எந்தெந்த அலை எவ்வளவு இருக்கிறது என்பதை, அதாவது ஃபூரியர் எண்களை, அளக்கிறது. இந்த எண்கள் நிரம்பும் அட்டவணைக்குக் ‘கே-வெளி’ என்று பெயர். அதன் நடுப்பகுதியில் பெரிய வடிவங்களும் ஒளி வேறுபாடும், ஓரங்களில் நுண்ணிய விளிம்புகளும் பதிவாகின்றன. அங்கே உள்ள ஒவ்வோர் எண்ணும் படம் முழுவதையும் பற்றிய ஒரு கலவைத் தகவல். கோவிட் குப்பிகளைப் போலவே, கலந்து அளக்கும் வேலையை இயற்பியலே இங்கே செய்து கொடுத்துவிடுகிறது.

நேரம் ஏன் பிடிக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கே-வெளியை வரி வரியாகத்தான் நிரப்ப முடியும். ஒரு வரிக்கு 3 விநாடி என்றால், 256 வரிகளுக்கு 768 விநாடி, அதாவது 13 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே தட்டலில் பல வரிகளைப் பதியும் உத்திகள் முன்பே இருக்கின்றன. 1999-லும் 2002-லும் வந்த முறைகள் பல சுருள்களை ஒரே சமயத்தில் கேட்கவைத்து வரிகளை மேலும் குறைத்தன. ஆயினும் அசையாமல் படுக்க முடியாத குழந்தைக்கும், மூச்சை அடக்க முடியாத இதய நோயாளிக்கும் மிஞ்சும் நேரம்கூட மிக நீண்டதே. சிறு குழந்தைகளுக்குப் பல சமயம் மயக்க மருந்து கொடுத்தே படம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் நேரத்தைக் குறைப்பது அந்தக் குழந்தை மயக்கத்தில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதாகும். இந்த ஆராய்ச்சியின் அவசரம் இங்கிருந்துதான் வந்தது.

ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் லுஸ்டிக், டோனோஹோ, ஜான் பாலி மூவரும் 2007-இல் சுருக்க உணர்தலை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தபோது மூன்று தேவைகளை வகுத்தார்கள்.

1. படம் ஏதேனும் ஒரு மொழியில் ஐதாக இருக்க வேண்டும். மருத்துவப் படங்கள், படத்தைச் சிறு சிறு அலைத் துண்டுகளின் கூட்டாக எழுதும் அலைத்துணுக்கு மொழியில் அப்படி இருக்கின்றன. இரத்தக் குழாய்ப் படங்கள் நேரடியாகவே ஐதானவை, ஏனெனில் கறுப்புப் பின்னணியில் சில மெல்லிய கோடுகள் மட்டும்தான் இருக்கும்.

2. விட்டுவிடும் வரிகள் ஒழுங்கற்று இருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வரியைச் சீராகத் தவிர்த்தால், படம் மடிந்து தன்மேலேயே விழும். தலையின் பிற்பகுதி நெற்றியின் மேல் தெளிவாக ஏறி நிற்கும், எது உண்மை என்று பிரிக்க முடியாது. வரிகளைத் தாறுமாறாகத் தவிர்த்தால், அதே பிழை படம் முழுவதும் மெல்லிய இரைச்சலாகப் பரவும். சக்கரம் பின்னோக்கிச் சுழலும் வேடம் கலைந்துவிடும். பரவிய இரைச்சலுக்கு மேலாகத் தலைநீட்டி நிற்கும் பெரிய எண்களை அடையாளம் காண்பது எளிது.

3. அளவீட்டோடு பொருந்த வேண்டும், ஐதாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் கணக்கு வேண்டும். முன்பு பார்த்த x, y கணக்கின் விரிந்த வடிவம் அது.

பத்தாண்டு மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகு, 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதயப் படப்பிடிப்புக்கான இத்தகைய முறைக்கு முதலில் ஒப்புதல் தந்தது. கணிதத் தேற்றம் ஒன்று பத்துப் பதினோரு ஆண்டுகளில் மருத்துவமனைக்குள் நுழைவது அபூர்வம்.

## எழுதிய முன்னறிவும் கற்ற முன்னறிவும்

‘படம் ஐதானது’ என்பது மனிதர் எழுதிய முன்னறிவு. அதில் ஒரு குறை உண்டு. உலகிலுள்ள ஐதான படங்கள் எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளும். முழங்கால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

ஆழ்கற்றல் முறையில், முழுமையாக அளந்த ஆயிரக்கணக்கான முழங்கால் படங்களை நியூரல் நெட்வொர்க் என்னும் கணிப்பு அமைப்புக்குக் காட்டி, அவற்றிலிருந்து பாதி, கால் பங்கு அளவீடுகளை நீக்கி, நீக்கியதைச் சரியாக நிரப்பப் பழக்குகிறார்கள். எது முழங்கால் போல இருக்கும் என்ற முன்னறிவை அது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் 2018-இல் தொடங்கிய ‘ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.’ திட்டம், 1,500-க்கும் மேற்பட்ட முழங்கால் ஸ்கேன்களின் கே-வெளித் தரவை யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதுவரை மூலத் தரவு சில ஆய்வகங்களுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. அதை வெளியே கொண்டுவந்ததுதான், என் கணிப்பில், எந்தத் தனிப்பட்ட கண்டுபிடிப்பையும்விட இத்துறையை வேகமாக நகர்த்தியது. நான்கு மடங்கு வேகத்தில் எடுத்த முழங்கால் படங்களிலிருந்து மருத்துவர்கள் சொன்ன நோயறிதல், வழக்கமான படங்களிலிருந்து சொன்னதற்கு ஈடாக இருந்ததாக 2020-இல் ஒரு ஆய்வும் வந்தது. அந்த ஆண்டு வாக்கில் பெரிய நிறுவனங்களின் எந்திரங்களிலும் ஆழ்கற்றல் மென்பொருள் இடம்பெறத் தொடங்கியது. ஸ்கேன் மைய வாசலில் தொங்கும் அறிவிப்பு குறிப்பது இதைத்தான்.

‘கணினி வரைகிறதா’ என்ற தொடக்கக் கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். நல்ல முறைகள் ஒவ்வொரு படியிலும் தாம் கட்டிய படத்தைத் திரும்பக் கே-வெளிக்கு மாற்றி, உண்மையில் அளந்த வரிகளோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன. அளந்த வரிகளை அவை மீறுவதில்லை. ஆனால் அளக்காத வரிகளில், அந்தக் குருட்டுத் திசையில், படத்தில் இருப்பது கற்ற முன்னறிவின் கணிப்பு. கைபேசிப் புகைப்படத்தை அழகூட்டும் செயலியோடு இதை ஒப்பிடுவது தவறு. அளவீடு முழுவதும் இதில் அப்படியே இருக்கிறது என்று சொல்வதும் தவறு.

## பிழையின் முகம் மாறிவிட்டது

ஒரு பழைய சம்பவம் இந்த இடத்தைத் துலக்கமாக்கும். ஜெர்மனியில் டேவிட் க்ரீசல் என்ற கணினியியலாளர் 2013-இல், ஒரு கட்டட வரைபடத்தை அலுவலக ஸ்கேனரில் நகலெடுத்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. நகலில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே வந்தது. எழுத்துகள் எதுவும் மங்கவில்லை. கோப்பின் அளவைச் சுருக்க, ஒன்றுபோலத் தோன்றிய பகுதிகளை ஸ்கேனரின் மென்பொருள் ஒரே பகுதியாகக் கருதி ஒட்டிவிட்டது. கறை படிந்த நகலாக இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். தெளிவான நகல் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை.

வேக எம்.ஆர்.ஐ.யிலும் இதே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. பழைய முறைகள் தவறினால் படம் மங்கும், மடியும், கோடு விழும். பார்த்த உடனே கதிரியக்க மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுவார். ஆழ்கற்றல் முறை தவறினால் படம் கூர்மையாகவே இருக்கும். அதில் இல்லாத ஒன்று இருக்கலாம். இருக்கும் ஒன்று காணாமலும் போகலாம். 2020-இல் நடந்த ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. மூளைப் படப் போட்டியில், அளவுகோல்களில் நல்ல மதிப்பெண் பெற்ற சில முறைகளிலும் உண்மையில் இல்லாத அமைப்புகள் தோன்றியதை மருத்துவர்கள் கண்டு குறிப்பிட்டார்கள்.

வேகார்ட் ஆண்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மூன்று வகைச் சறுக்கல்களைக் காட்டியது.

1. அளவீட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்தால், படத்தில் பெரிய பிழைகள் எழலாம்.

2. கட்டி போன்ற சிறிய அமைப்பு ஒன்று புதிதாக இருந்தால், சில ஆழ்கற்றல் அமைப்புகள் அதைக் கரைத்துவிடுகின்றன.

3. கூடுதலாக அளந்து கொடுத்தால் தரம் ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடுவதும் உண்டு, ஏனெனில் குறிப்பிட்ட ஒரே அளவீட்டு முறைக்கு மட்டும் அந்த அமைப்பு பழகியிருக்கிறது.

மூன்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இரண்டாவது. மருத்துவர் தேடுவதே வழக்கத்துக்கு மாறானதைத்தான். பயிற்சிப் படங்களில் அரிதாக வந்ததை, அல்லது வராததையே, நோயாளியின் உடல் கொண்டிருக்கலாம். ‘இப்படித்தான் இருக்கும்’ என்ற முன்னறிவு மிகப் பலவீனமாக இருக்கும் இடமும் அதுவே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த மற்றொரு ஆய்வு, திட்டமிட்ட சிறு மாற்றங்களுக்கு மட்டுக் கூட்டுத்தொகை வழியிலான பழைய முறைகளும் ஏறத்தாழ அதே அளவு ஆட்படுகின்றன என்று காட்டியது. பயிற்சியின்போதே இரைச்சலைக் கலந்து கற்பித்தால் ஆழ்கற்றல் அமைப்புகள் உறுதி பெறுவதையும் வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே சிக்கலின் வேர் குறைவாக அளப்பதில் இருக்கிறது. ஆழ்கற்றல் அந்தச் சிக்கலுக்குத் தெளிவான தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

## கருந்துளைப் படத்தில் கையாண்ட காப்பு

குறைந்த அளவீட்டிலிருந்து படம் கட்டியவர்கள் எப்படித் தங்களையே சோதித்துக்கொண்டார்கள் என்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வானியலில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம், 2017 ஏப்ரலில் உலகின் ஆறு இடங்களிலிருந்த எட்டுத் தொலைநோக்கிகளின் பதிவிலிருந்து கட்டப்பட்டது. தொலைநோக்கிகளின் ஒவ்வோர் இணையும் படத்தின் ஓர் ஃபூரியர் எண்ணைத்தான் தருகிறது. கணிதத்தைப் பொறுத்தவரை அது மிகவும் ஐதாக நிரம்பிய ஒரு கே-வெளியே.

அந்தத் தரவோடு பொருந்தும் படங்கள் எண்ணற்றவை. வட்ட வளையத்தை எதிர்பார்த்து வேலை செய்பவர்களுக்கு வளையம் கிடைப்பதில் வியப்பில்லை. அதனால் குழுவை நான்காகப் பிரித்து, ஒன்றோடொன்று பேசாமல், வெவ்வேறு முறைகளில் படம் கட்டவைத்தார்கள். நான்கிலும் வளையம் வந்தது. பிறகு வளையம், பிறை, நிரம்பிய தட்டு, இரட்டைப் புள்ளி என்று தாங்களே செய்த போலித் தரவுகளைக் கொடுத்து, தட்டைக் கொடுத்தால் தட்டு வருகிறதா, வளையமாக மாறிவிடுகிறதா என்று பார்த்தார்கள். தட்டு தட்டாகவே வந்தது. 2018-இல் எடுத்த புதிய பதிவிலிருந்தும் அதே அளவு வளையம் கிடைத்ததாக 2024-இல் அறிவித்தார்கள்.

முன்னறிவுக்கு எதிரான ஒன்றை வேண்டுமென்றே கொடுத்து, அது பிழைத்து வருகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனையை மருத்துவப் படங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். சராசரித் தெளிவு மதிப்பெண் அதற்கு ஈடாகாது. பத்தாயிரம் பிக்சல்களைச் சரியாகக் கட்டி, நான்கு பிக்சல் அளவுள்ள கிழிசலைத் தொலைத்த அமைப்பும் அந்த மதிப்பெண்ணில் தேறிவிடும்.

## வேகம் எங்கே தகும்?

எல்லா ஸ்கேனிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. மூட்டு, முதுகுத் தண்டு போன்றவற்றில், அதிகம் ஆய்வு செய்யப்பட்ட உறுப்பில், மிதமாக இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேகப்படுத்துவதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன. அசையும் நோயாளியிடம் நீண்ட நேரம் எடுத்த முழு அளவீடு, அசைவால் கெட்டுப்போகும். அங்கே வேகமான ஸ்கேன்தான் உண்மைக்கு நெருக்கமான படத்தைத் தரும். எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று போகும்போது படத்தில் முன்னறிவின் பங்கு அளவீட்டின் பங்கை மிஞ்சத் தொடங்குகிறது.

படுக்கையருகே உருட்டிக்கொண்டு வரும் 0.064 டெஸ்லா மூளை ஸ்கேனர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். அவற்றின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா எந்திரத்தின் 23-இல் ஒரு பங்கு அளவே. சமிக்ஞை வலுவற்றது, இரைச்சல் மிகுதி, ஆகவே கற்ற முன்னறிவின் மேல் சாயவேண்டிய தேவை கூடுதல். பெரிய எந்திரம் எட்டாத ஊருக்கும், நகர்த்த முடியாத தீவிர சிகிச்சை நோயாளிக்கும் அது பெரும் வரம். மூளைக்குள் பெரிய இரத்தக் கசிவு உண்டா என்று பார்க்க அது உதவும். மிகச் சிறிய புண்ணைத் தேட அதே படத்தை நம்பக் கூடாது.

மருத்துவமனைகள் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெரும்பாலான இடங்களில் முடிவுற்ற படத்தை மட்டும் சேமித்துவிட்டு, கே-வெளியின் மூலத் தரவைச் சில நாட்களில் அழித்துவிடுகிறார்கள். வட்டில் இடம் போதாது என்பது காரணம். முழு அளவீட்டின் காலத்தில் அது பெரிய இழப்பாக இருக்கவில்லை, ஏனெனில் படத்திலிருந்து மூலத்தை ஏறத்தாழத் திரும்பப் பெறலாம். குறைவாக அளந்து கட்டிய படத்தில் எந்த வரி அளந்தது, எந்த வரி கணித்தது என்பது மூலத் தரவில் மட்டுமே இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு நோயாளியின் பழைய படத்தில் ஒரு புள்ளி உண்மையா என்ற கேள்வி எழுந்தால், மூலத் தரவு இருந்தால் அதை வேறொரு முறையில் மீண்டும் கட்டிப் பார்க்கலாம். அது அழிக்கப்பட்டிருந்தால், எவ்வளவு நல்ல படிமுறை அதற்குள் வந்திருந்தாலும் அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.